ஏரோநாட்டிக்கல் சேரும் முன் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ஏரோநாட்டிக்கல் படித்தால் பைலட் ஆகலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சிரிக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஒரு அக்கா, மகனுக்குக் கவுன்சிலிங்கில் என்ன போடலாம் என்று கேட்க வந்தவர், "நாலு வருஷம் முடிச்சா பிளேன் ஓட்டக் குடுத்துடுவாங்கல்ல தம்பி?" என்றுதான் ஆரம்பித்தார். குடுக்க மாட்டாங்க அக்கா. விமானம் ஓட்டுவது தனி ரூட்டு: ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், மருத்துவப் பரிசோதனை, டிஜிசிஏ (விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பு) நடத்தும் தேர்வுகள், 200 மணி நேரம் பறந்த அனுபவம், அதன் பிறகு கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். இதற்கு பி.இ. பட்டம் தேவையே இல்லை, ஆனால் செலவு பல லட்சம்.

இதற்கு ஒட்டிப் பிறந்த இன்னொரு குழப்பம் இருக்கிறது, இதில்தான் நம் ஆட்களின் பணம் அதிகம் போகிறது. ஏரோநாட்டிக்கல் இஞ்சினியரிங் வேறு, விமானப் பராமரிப்பு என்கிற ஏ.எம்.இ. வேறு. முதலாவது பல்கலைக்கழகப் பட்டம். இறக்கை எவ்வளவு பாரம் தாங்கும், அதன்மேல் காற்று எப்படி ஓடும், இஞ்சினுக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுகிற வேலைக்கு அது. இரண்டாவது டிஜிசிஏ கொடுக்கும் லைசென்ஸ். ஹாங்கரில் (விமானம் நிறுத்தும் கொட்டகை) நின்று விமானத்தைச் சரிபார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற வேலைக்கு. இயந்திரப் பகுதி என்றால் பி1, மின்னணுப் பகுதி என்றால் பி2, பெரும்பாலும் அடிப்படைப் பயிற்சி மட்டும் 2400 மணி நேரம். பி.இ. பட்டம் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் அந்தக் கையெழுத்தைப் போட விடமாட்டார்கள். பஸ் நிறுத்தச் சுவரில் ‘ஏவியேஷன் டிப்ளமோ, நூறு சதவீத வேலை’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் இரண்டிலும் சேராதது. பயிற்சி நிலையத்துக்கு சிஏஆர்-147 அனுமதி இருக்கிறதா என்று டிஜிசிஏ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சரி, பட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். இங்கேதான் நான் செய்த தவறு வருகிறது.

நான் ஏரோ எடுத்ததற்கு ஒரே காரணம் இஸ்ரோ. வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறும் ராக்கெட் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும், காசிமேடு எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கடைசி வருடத்தில், அப்பா வாங்கிய கல்விக் கடன் பாதிகூட அடைபடாத நேரத்தில், இஸ்ரோவின் விஞ்ஞானி/இஞ்சினியர் ‘எஸ்சி’ (பதவி நிலையின் பெயர், ஒதுக்கீடு இல்லை) பதவிக்கான அறிவிப்பைத் திறந்தேன். மூன்று பிரிவுகள் இருந்தன: மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏரோ இல்லை. ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று இரண்டு தடவை கடைசி வரை தள்ளிப் பார்த்தேன்.

கோபம் தணிந்து யோசித்தால் நியாயம்தான். ராக்கெட்டில் டாங்கும் வால்வும் பற்றவைப்பும் அதிர்வும் மெக்கானிக்கல் சமாச்சாரம். செயற்கைக்கோளில் பாதிக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ். காற்றைக் கணிக்கிறவர்கள் கட்டாயம் வேண்டும், ஆனால் ஒரு சின்னக் கூட்டம் போதும். திருவனந்தபுரத்தில் இருக்கும் இஸ்ரோவின் ராக்கெட் மையமான விஎஸ்எஸ்சி ஏரோஸ்பேஸுக்கு எப்போதாவது தனியாக விளம்பரம் விடும், அதில் இடங்கள் கைவிரலுக்குள் அடங்கும். இதையெல்லாம் ப்ளஸ் டூ முடித்த வாரமே பழைய அறிவிப்பு ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை. யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே டெக்னீஷியன் மகன், முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, அப்புறம்தான் பி.இ., அதுவும் மெக்கானிக்கல். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர், அவரும் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், கிரையோஜெனிக் இஞ்சினியரிங்கில் எம்.டெக் எல்லாம் அதற்குப் பிறகு. அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர்களில் சிவன் நம் குரோம்பேட்டை எம்ஐடியில் 1980-இல் ஏரோநாட்டிக்கல் முடித்தவர் என்று எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான். ஏரோ வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் விஞ்ஞானி ‘பி’ பதவிக்கு, பொறியியல் படித்தவர்கள் எழுதும் கேட் தேர்வின் ஏரோஸ்பேஸ் தாளை எழுதி வருகிறவர்களை எடுக்கிறார்கள், விமானம் செய்யும் அரசு நிறுவனமான எச்ஏஎல் எடுக்கிறது. ஆனால் ‘ஏரோ’ என்ற பெயர் சான்றிதழில் இருந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்தால், பல கதவுகளில் அந்தப் பெயரே எழுதியிருக்காது.

அடுத்தது நுழைவுத் தேர்வு விஷயம். இங்கே ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சிலிங் நடப்பதால், ஜேஇஇ என்பது அண்ணா நகர் பிள்ளைகள் எழுதுவது என்று ஒரு எண்ணம் நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் ஏரோஸ்பேஸ் இருக்கிறது. இஸ்ரோவுக்கு ஆள் தயார் செய்வதற்கென்றே 2007-இல் தொடங்கிய ஐஐஎஸ்டி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு கட்டாயம், அதையும் ப்ளஸ் டூ முடிக்கும் வருடமும் அதற்கு அடுத்த வருடமும் மட்டும்தான் எழுத முடியும். கல்லூரியில் சேர்ந்த பிறகு மூன்றாம் வருடத்தில் ஞானோதயம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அட்வான்ஸ்டு சரிவரவில்லை என்றால் எம்ஐடி இருக்கவே இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தோடது, கவுன்சிலிங் வழியே கிடைக்கும், பீச் ஸ்டேஷனில் ஏறினால் ஒரே ரயில். கட்-ஆஃப் அதிகம்தான். மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். இது தெரியாமல் நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கிய வீடு எனக்கே தெரியும்.

நான் படித்தது ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். சேரும் நாளில் வாசலில் நிறுத்தியிருந்த பழைய சின்ன விமானத்தைக் காட்டினார்கள். நாங்களும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நாலு வருடமும் அது அங்கேயே நின்றது. மாதிரியின் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருந்த அறைக்குப் பூட்டு, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறப்பு. ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போனால் வாசலில் நிற்கும் விமானத்தை விட்டுவிட்டு, மூன்றாம் வருடப் பிள்ளைகள் யாரையாவது கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள்: காற்றுச் சுரங்கத்தை இந்த செமஸ்டரில் எத்தனை தடவை ஓட்டினீர்கள், போன வருடம் வேலைக்கு எடுத்தது எந்தக் கம்பெனி, எந்த வேலைக்கு? விமானத் துறை வேலை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கால் சென்டரில் முடிந்த கதைகள் அங்கேதான் வெளிவரும்.

அரியர் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே எண்ணை நினைவில் வையுங்கள். இஸ்ரோ அறிவிப்பில் கேட்பது 65 சதவீதம் அல்லது பத்துக்கு 6.84. முதல் வருட கணிதத்தை விளையாட்டாக விட்டவர்களுக்கு இந்த எண் பிறகு ரொம்ப வலிக்கும்.

மென்பொருள் விஷயத்திலும் பணத்தை விடுகிறார்கள். பாகங்களை வரையும் கேட்டியா, அவை தாங்குமா என்று சோதிக்கும் ஆன்சிஸ் கற்றுத் தருகிறோம் என்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கும் சென்டர்கள் இருக்கின்றன. பட்டன் எங்கே என்று கற்றுத் தருவார்கள். நேர்காணலில் நான் மாட்டியது பட்டனில் இல்லை, ஒரு முனையில் பிடித்த உத்தரத்தின் மறுமுனையில் பாரம் வைத்தால் எங்கே அதிகம் வளையும் என்று கேட்டபோது. என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம், ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று காட்டும் ஓபன்ராக்கெட் மென்பொருள்களும் இலவசம். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவிய அக்னிகுல் ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த இஞ்சினை வைத்து ஏவினார்கள். இந்த மாதிரி இடங்களில் ‘நீ என்ன செய்து பார்த்திருக்கிறாய்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தெர்மோகோலில் செய்த கிளைடர் விழுந்து உடைந்தது என்றாலும் பரவாயில்லை, ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஐடிஐ, டிப்ளமோ என்றால் கேவலம் என்று நினைப்பது, என்னைக் கேட்டால், நம்ம ஊர்ப் பக்கம் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஐடிஐ முடித்தால் இஸ்ரோவில் டெக்னீஷியன் ‘பி’, முதல் வகுப்பு டிப்ளமோ என்றால் டெக்னிக்கல் அசிஸ்டன்ட், இஸ்ரோவின் மகேந்திரகிரி மையம் உட்பட இதற்குத் தனி அறிவிப்புகள் வருகின்றன. என்னோடு படித்தவன் ஒருவன் வியாசர்பாடி லேத் பட்டறையில் எடுபிடியாக இருந்து, ஐடிஐ மெஷினிஸ்ட் முடித்து, இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விமானப் பாகம் செய்யும் இடத்தில் ஐந்து அச்சு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் இயந்திரம்) ஓட்டுகிறான். நான் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்ததைப் பார்த்து, "மச்சான், இந்த மூலைக்குள்ள டூலே போகாதுடா" என்று ஒரே வரியில் நிறுத்திவிடுவான். எனக்கு அதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வெளிநாடு பற்றி இரண்டே விஷயம். நாசாவின் நிரந்தர வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ராக்கெட் தொழில்நுட்பத்துக்கு அங்கே இருக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் தனியார் ராக்கெட் நிறுவனங்களிலும் நமக்கு வழி குறுகல்தான். ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பதும் பழைய பேச்சாகிக்கொண்டிருக்கிறது: ஏரோஸ்பேஸுக்குப் பெயர் போன ஸ்டுட்கார்ட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது, முதுநிலை என்றால் இன்னும் அதிகம்.

அப்புறம், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு ஏவுதலைக்கூட நேரில் பார்க்காமல் இருப்பது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வழியாகப் போகும் சூலூர்பேட்டை ரயிலில் ஏறினால் முடிந்தது, ஏவுதளப் பார்வையாளர் மாடத்துக்கு இஸ்ரோ தளத்தில் முன்பதிவு செய்யலாம், காசு கிடையாது. பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடம் தீர்ந்துவிடும், ஆதார் எண்ணைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.