கறுப்பு புல்லட்டை ராத்திரியில் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எப்படி?

கறுப்பு வண்டி, கறுப்பு வானம். படத்தில் என்னதான் தெரியும் என்கிறீர்களா? விளிம்பு தெரியும். டேங்கின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, மட்கார்டு வளைவில் இன்னொன்று, சைலன்சர் நெடுக ஒரு பளபளப்பு. இந்த மூன்றும் விழுந்துவிட்டால் மீதி வண்டியைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும்.

என்னிடம் இருப்பது பழைய புல்லட் 350. திருவொற்றியூரில் 1950களில் செய்யத் தொடங்கிய வண்டி. எத்தனையோ மாற்றங்கள் வந்தும் அந்த உருண்டை டேங்க் மட்டும் போகவில்லை. வளைவும் குரோமும் இவ்வளவு உள்ள வண்டி கற்றுக்கொள்ள வசதி. உங்களிடம் ஸ்ப்ளெண்டர்தான் இருக்கிறதா? அதுவும் போதும், முறை ஒன்றுதான்.

இடமும் வண்டியும்

ஒற்றைத் தெருவிளக்கு உள்ள சந்து போதும். விளக்கு வண்டிக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கேமரா வண்டிக்கு முன்னால். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வண்டி தட்டையாக, ஆர்.சி. புக்குக்கு எடுத்த படம் மாதிரி வரும். பின்னணியில் போஸ்டர் ஒட்டிய சுவர் வேண்டாம்.

டேங்கைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகைகூட ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைத் தழும்பாக நிற்கும். ஹேண்டில்பாரைக் கேமரா பக்கம் லேசாகத் திருப்புங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சாலை கண்ணாடியாகிவிடும். செலவில்லாத இந்த வேலைக்குக் கிடைக்கிற பலனுக்கு ஈடே இல்லை.

கேமரா

ட்ரைபாட் கட்டாயம். உயரம் உங்கள் முழங்கால் அளவு. நின்ற வாக்கில் எடுத்தால் வண்டி குட்டையாகிவிடும். ஃபோனில் எடுப்பவர்கள் அளவுகளை நாமே மாற்றக்கூடிய ப்ரோ மோடுக்குப் போங்கள். ஃபைல் ரா வடிவில், அதாவது கேமரா பதிந்த தகவல் அப்படியே இருக்கும் வடிவில் இருக்கட்டும். கேமராவிலேயே உள்ள கறுப்பு வெள்ளை மோடில் ஜேபெக்காக மட்டும் எடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். டேங்கில் உள்ள எழுத்தின் மேல் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். லென்ஸில் கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எத்தனை விநாடி திறந்து வைப்பது? எஃப் 8-இல் (லென்ஸ் துளையின் அளவு) 100 ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன்) ஒவ்வொரு முறையும் காத்திருந்து பார்த்தால் விடிந்துவிடும். அதனால் முதலில் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி, அரை விநாடியில் சோதனைப் படம் எடுங்கள். பின்னணி சரியான அளவு இருட்டாக வருகிறதா? அப்படியானால் ஐஎஸ்ஓ 100-க்கு 32 மடங்கு நேரம் வேண்டும், அதாவது 16 விநாடி. ஷட்டரை அமுக்கும்போது ஆடாமல் இருக்க 2 விநாடி டைமர் வையுங்கள்.

டார்ச் என்னும் பேனா

பளபளப்பான கறுப்புப் பெயின்ட் கிட்டத்தட்டக் கண்ணாடிதான். எதிரில் உள்ள வெளிச்சத்தின் பிம்பத்தையே காட்டும். டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்தால் டேங்கில் ஒரு புள்ளி விழும். ஷட்டர் திறந்திருக்கும்போது அதையே நகர்த்தினால் புள்ளி கோடாக நீளும்.

டார்ச்சின் வாயைச் சுற்றிக் கறுப்பு அட்டையைக் குழாய் போலச் சுருட்டிக் கட்டுங்கள். வாயின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையையும் போட்டால் கோடு மென்மையாகும். வண்டிக்குப் பின்புறம் நின்று, ஃபிரேமுக்கு வெளியே, டேங்குக்கு மேலே டார்ச்சைக் கீழ்நோக்கிப் பிடித்து, முன்னிருந்து பின்னாக 4 விநாடி ஒரே வேகத்தில் இழுங்கள். இடையில் நின்றால் அந்த இடம் வெளுத்துவிடும். முதல் பத்துப் படம் வீணாகும், பரவாயில்லை.

ஹெட்லைட்டைப் போட ஆசை வரும். போடாதீர்கள், வெள்ளை ஓட்டை போல எரிந்துவிடும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கு எரியும். எஞ்சின் ஓடினால் வண்டி அதிரும், படம் கலங்கும். பதிலாகப் பக்கத்திலிருந்து டார்ச்சை ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஒரு விநாடி அடியுங்கள். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் மினுங்கி, விளக்கு இப்போதுதான் அணைந்தது போல இருக்கும்.

அப்புறம், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் வெள்ளை பனியனோடு போனேன். சைலன்சரில் நீளமாக ஒரு வெள்ளைப் பேய் படுத்திருந்தது.

எடிட்டிங்

தெருவிளக்கு மஞ்சள் சோடியமாக இருந்து, உங்கள் டார்ச் வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால் கலரில் அது தலைவலி. இங்கே அதுவே வரம். லைட்ரூம் என்னும் எடிட்டிங் மென்பொருளில் ரா ஃபைலைத் திறந்து, தெருவிளக்கு ஆரஞ்சாகவும் டார்ச் நீலமாகவும் தெரியும்வரை வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நீலம் கூடும் குளிர்ச்சிப் பக்கம் நகர்த்துங்கள். பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஆரஞ்சு ஸ்லைடரைக் குறைத்தால் பின்னணி மட்டும் இருளும். நீலத்தைக் கூட்டினால் டார்ச் கோடுகள் மட்டும் எழும்பும். படம் எடுக்கும்போதே நிறத்தைத் தொலைத்திருந்தால் இந்தப் பிடி கிடைக்காது. நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், பார்த்து நிறுத்துங்கள்.

எடிட் முடிந்த கையோடு பதிவேற்றாதீர்கள். இருட்டு அறையில் ஸ்க்ரீன் பிரகாசமாகத் தெரியும். காலையில் பார்த்தால் அதே படத்தில் பின்சக்கரம் காணாமல் போயிருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை திறந்து, சக்கரத்தின் ஆரக்கம்பிகள் தெரிகிற அளவுக்கு நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.