பொங்கலுக்கு விமானத்தில் ஊருக்குப் போகிறீர்களா?

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் டிக்கெட் மலிவு என்று நம்பிக் கண்விழிக்க வேண்டாம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பொதுவாக ஒன்றிரண்டு மாதம் முன்பு எடுத்தால் போதும். பொங்கல், தீபாவளிக்கு அது தாமதம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் விமானத்தின் பக்கம் திரும்புவதற்குள் எடுத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாக விற்கப்படுகின்றன. மலிவான அடுக்கில் இரண்டே இடம் மிச்சமிருக்க, நால்வருக்குத் தேடினால் பெரும்பாலும் நால்வருக்குமே அடுத்த அடுக்கின் விலைதான் காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து எடுக்கலாம். சேர்ந்து உட்கார முடியாமல் போகலாம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம்தானே! குழந்தையை மட்டும் தனி டிக்கெட்டில் விட்டுவிடாதீர்கள்.