எண்ணெய்-நீர் எல்லை தேடுகிறீர்களா? முதலில் கோடு போடுங்கள்
எண்ணெய்க் கிணற்றில் பல ஆழங்களில் அளந்த அழுத்தம் கையில் இருந்தால், அதை ஆழத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். அழுத்தம் ஏறும் வேகமே பாறையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடும். நன்னீரில் அடிக்கு 0.433 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) ஏறும். உப்புநீரில் இன்னும் கொஞ்சம் கூடும். எண்ணெயில் சுமார் 0.35, வாயுவில் பெரும்பாலும் 0.1-ஐ ஒட்டி.

எண்ணெய்க் கோடும் நீர்க் கோடும் வெட்டும் புள்ளியை உடனே ‘எண்ணெய்-நீர் எல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அது தடையற்ற நீர்மட்டம்தான், அதாவது நுண்புழை விசை இல்லாவிட்டால் நீர் நிற்கும் மட்டம். துளைகள் குறுகிய பாறையில் நுண்புழை விசை நீரை மேலே இழுத்துவிடும். லாக்கில் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவில்) தெரியும் எல்லை பல அடி உயரத்தில் இருக்கலாம்.

அப்புறம், சாய்வான கிணறு என்றால் கிணற்றுத் துளையின் நீளம் வேண்டாம், செங்குத்து ஆழம்தான். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் நீளத்தைப் போட்டால் 0.35 பாதியாகிவிடும். நல்ல எண்ணெயை வாயு என்று நினைத்து நானும் ஒருநாள் குழம்பியிருக்கிறேன்.