கார்பன் அம்பில் சிறகு ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழன்று விழுந்த சிறகின் அடிப்பாகத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலே, தவறு எங்கே நேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பசை முழுவதும் சிறகோடு வந்துவிட்டு, தண்டு வழவழவென்று வெறுமையாக இருந்தால், தண்டு சரியாகத் துடைக்கப்படவில்லை. பசை தண்டிலேயே கோடாக நின்று சிறகு மட்டும் உரிந்திருந்தால், சிறகின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் உடனே வேறு பசை வாங்கக் கிளம்புவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

கார்பன் தண்டு என்பது கார்பன் இழைகளை எபாக்சி பிசினால் இறுக்கிய குழாய். புதிய தண்டிலும் தயாரிப்பின்போது படிந்த எச்சம் இருக்கக்கூடும். பழைய தண்டிலோ விரல் எண்ணெயும், நுரை இலக்கிலிருந்து அம்பு எளிதாக உருவி வருவதற்காகத் தடவிய சிலிக்கோன் மசகும் சேர்ந்திருக்கும். இதற்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே ஏற்றது. கைச் சுத்திகரிப்பானும் ஆல்கஹால்தானே என்று நினைத்து ஒருமுறை அதைக் கொண்டு துடைத்து, ஒரு டஜன் அம்புகளுக்கு இரட்டை வேலை பார்த்தவன் நான். தோல் வறளாமலிருக்க அதில் கலக்கப்படும் கிளிசரின் தண்டில் படலமாகத் தங்கிவிடுகிறது. நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றிலும் இதே சிக்கல் உண்டு. தூய அசிட்டோனோ, தண்டில் உள்ள அச்சையும் வண்ணத்தையும் கரைக்கக்கூடும் என்பதோடு, அம்பின் பின்முனையில் வில்நாண் பொருந்தும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் துண்டில் (nock) பட்டால் அதில் விரிசலும் விழும்.

துடைத்த இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் அழுக்கு இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாகப் பரவினால் தண்டு தயார். அதை உலரவிட்ட பிறகு அந்த இடத்தை விரலால் தொடக்கூடாது, தொட்டால் மீண்டும் துடைக்க வேண்டும்.

உப்புத்தாள் விஷயத்தில் பலருக்கும் கை மீறிவிடுகிறது. 400 எண் அல்லது அதைவிட நைசான தாளால் மேற்பரப்பின் பளபளப்பு மங்கும் அளவுக்கு லேசாகத் தேய்த்தால் போதும். இழை தெரியும்வரை தேய்த்தால் தண்டு பலவீனமாகும். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசம் அணிந்து, தாளை ஈரமாக வைத்துத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் மறுபடி துடைக்க வேண்டும். பழைய சிறகை எடுக்கும்போதும் கத்தி முனையைத் தண்டுக்குள் இறக்காமல், மழுங்கிய விளிம்பைப் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும்.

இனி பசை. மர வேலைக்கான வெள்ளைப் பசை நீர் வற்றித்தான் இறுகும். கார்பனும் பிளாஸ்டிக்கும் நீரை உறிஞ்சாததால் அது இங்கே உதவாது. எபாக்சி, அம்பு முனை பொருத்த நல்லது, சிறகுக்கு வீண் தாமதம். ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் வகை, காற்றிலும் பரப்பிலும் உள்ள நுண்ணிய ஈரத்தால் இறுகுவது. ஆகவே மெல்லிய கோடாக இட்டால் விரைவாகப் பிடிக்கும், தடிமனாக இட்டால் உள்ளே இறுகாமல் நிற்கும். பறவை இறகுக்குக் கூழ் வடிவப் பசை வசதியானது, ஏனெனில் நீர்த்த பசை இறகுக்குள் ஊறிப்போய்விடும். கரைப்பான் கலந்த சிறகுப் பசைகள் மெதுவாக இறுகுபவை. அவற்றை இட்டுவிட்டுச் சில விநாடிகளில், சிறகைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றுவது அவசரம். சில பிளாஸ்டிக் சிறகுகளுக்கு முன்பூச்சும் தேவைப்படும் என்பதால், சிறகு உறையின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது நல்லது.

பசை இடுவதற்கு முன், கிளாம்பைத் தண்டின் மேல் வைத்து, சிறகின் அடிப்பாகம் முழு நீளமும் படிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிறகைத் தண்டைச் சுற்றிச் சற்றே வளைத்து, திருகுச் சாய்வில் ஒட்டும்போது மெல்லிய தண்டில் ஒரு முனை மயிரிழை அளவு தூக்கி நிற்கும்; அந்த இடைவெளியைப் பசையால் நிரப்ப முயலாமல் சாய்வைக் குறைக்க வேண்டும். மூன்று சிறகுகளும் பிடித்த பிறகு, ஒவ்வொன்றின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு பொட்டுப் பசை வைக்கலாம், ஏனெனில் இலக்கில் உரசி முதலில் உரியத் தொடங்குவது முன்முனைதான்.