வீட்டில் மாட்டிறைச்சி ஃபோ: சாறு தெளிவாக, மசாலா அடக்கமாக

வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோவுக்கு வேண்டிய மசாலாவில் பெரும்பகுதி நம் சமையலறையிலேயே இருக்கிறது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மல்லி விதை, சோம்பு. வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. பிரியாணிக்குப் பழகிய கையால் அள்ளிப் போட்டால், ஆறு மணி நேரம் அடுப்பெரித்த பிறகு கிடைப்பது நூடுல்ஸ் மிதக்கும் சால்னாதான். ஃபோவில் முதலில் நாக்குக்குத் தெரிய வேண்டியது எலும்பின் இனிப்பு. மசாலா மூக்குக்கு மட்டும் எட்டினால் போதும்.

வடக்கு வியட்நாமில் ஹனோய், நாம் தின் பக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சூப் இது. 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே குடியேறியவர்களோடு சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) பரவலானது. ஹனோய்க் கிண்ணத்தில் வெங்காயத்தாளும் தெளிந்த சாறும்தான் பிரதானம். சைகோனில் முளைப்பயறு, துளசி வகைத் தழை, எலுமிச்சை, கெட்டியான இனிப்புச் சாஸான ஹொய்சின் எல்லாம் பக்கத்தில் வந்து உட்காரும். கீழே உள்ள சாறு இரண்டுக்கும் பொருந்தும்.

ஆறு பேருக்கு

எலும்பு இரண்டரை கிலோ: மூட்டும் நல்லியுமாக ஒன்றரை கிலோ, வால் ஒரு கிலோ. நல்லி மட்டும் வாங்கினால் கொழுப்புதான் மிதக்கும், சாறு மெலிந்திருக்கும். சாற்றுக்குப் பிசுபிசுப்பான உடல் தருவது மூட்டிலும் வாலிலும் உள்ள சவ்வு. கறிக்கடையிலேயே மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

வேகவைக்க நெஞ்சுக்கறி அரை கிலோ, ஒரே துண்டாக. பச்சையாக அரிந்து போட அண்டர்கட் (முதுகெலும்பின் உட்புறத்து மென்கறி) 400 கிராம். தண்ணீர் ஐந்தரை லிட்டர். பெரிய வெங்காயம் 2, இஞ்சி 100 கிராம்.

மசாலாவுக்கு அன்னாசிப்பூ 5, விரல் நீளப் பட்டை 1, கிராம்பு 4, மல்லி விதை ஒரு மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, பெரிய கறுப்பு ஏலக்காய் 1. வியட்நாமில் போடும் ‘தாவ் குவா’ ஏலக்காய் வேறு இனம் என்றாலும், நம் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஏலக்காயிலும் அதே புகை வாசனை உண்டு. பச்சை ஏலக்காயை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், பாயசம் நினைவுக்கு வரும். மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய், தாளிப்பு எதற்கும் இங்கே வேலையில்லை.

மீன் சாஸ் 4 மேசைக்கரண்டி, கற்கண்டு 25 கிராம், உப்பு. மீன் சாஸுக்கு மாற்று கிடையாது. சோயா சாஸ் ஊற்றினால் நிறமும் போகும், ருசியும் வேறு திசைக்குப் போகும். வியட்நாம் சரக்கு கிடைக்காவிட்டால் தாய்லாந்து சரக்கு போதும்.

சாறு

எலும்பை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ரத்தத்தைக் கழுவுங்கள். பிறகு பெரிய பானையில் எலும்பு மூழ்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, தளதளவென்று எட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். சாம்பல் நிற நுரை திரண்டு மேலே வரும். அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, எலும்பை ஒவ்வொன்றாகக் குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். பானையின் உட்புறத்தில் ஒட்டிய அழுக்கு வளையத்தையும் தேய்க்க வேண்டும். ‘சத்து போய்விடுமே’ என்று இந்தக் கட்டத்தைத் தாண்டுபவர்களின் சாறு கடைசிவரை கலங்கலாகவே இருக்கும். எட்டு நிமிடத்தில் போவது பெரும்பாலும் ரத்தமும் அழுக்கும்தான்.

எலும்பு கொதிக்கும் நேரத்தில், வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு கேஸ் அடுப்பின் தீயில் நேரடியாகச் சுடுங்கள், துவையலுக்குக் கத்தரிக்காய் சுடுவதுபோல. திருப்பித் திருப்பி 12 நிமிடம் ஆகலாம். வெளித்தோல் கருகி, அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருந்து, ஓரத்தில் இனிப்புச் சாறு கசிய வேண்டும். கருகிய தோலைச் சுரண்டிக் கழுவிவிடுங்கள். அது உள்ளே போனால் சாறு கறுத்துக் கசக்கும். இஞ்சியை ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளலாம்.

கழுவிய எலும்பு, நெஞ்சுக்கறி, சுட்ட இஞ்சி வெங்காயம், ஐந்தரை லிட்டர் புதுத் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, கற்கண்டு எல்லாம் பானைக்குள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீரின் மேல்பரப்பு முழுதும் புரளக் கூடாது. ஓரிரு இடத்தில் மட்டும் சிறு குமிழி ஏறி உடைய வேண்டும், அவ்வளவே. வேகமாகக் கொதித்தால் கொழுப்பு துளித்துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். பால் நிறமாகிவிட்ட சாற்றை வடிகட்டியும் தெளியவைக்க முடியாது. மூடியை இறுக மூடாதீர்கள், ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும்.

நெஞ்சுக்கறி ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் வேகும். எருமைக் கறி என்றால் இன்னும் கூடும், கத்தி எளிதாக இறங்குகிறதா என்று பாருங்கள். எடுத்தவுடன் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டு வைத்தால் காய்ந்து கறுக்காது. எலும்பு மொத்தம் ஆறு மணி நேரம் கிடக்கட்டும்.

மசாலா கடைசி 45 நிமிடத்துக்கு மட்டும். வெறும் வாணலியில் சிறுதீயில் மூன்று நிமிடம் வறுத்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் போடுங்கள். அரை மணி கழித்து ருசி பாருங்கள். போதும் என்று தோன்றினால் உடனே எடுத்துவிடலாம். நேரம் கூடினால் அன்னாசிப்பூ மருந்துக்கடை வாசனை அடிக்கும். பொடித்துப் போடவே கூடாது.

வடிகட்டும்போது அடியில் தங்கிய வண்டலை ஊற்றாதீர்கள். மூன்றரை லிட்டர் அளவுக்கு மிஞ்சும். மேலே மிதக்கும் கொழுப்பைத் தனியே எடுத்து வையுங்கள், கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி தேவைப்படும். மீன் சாஸை இப்போதுதான் சேர்க்க வேண்டும், நீண்ட நேரம் கொதித்தால் மணம் போய்விடும். மூன்று கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு நான்காவதைத் தீர்மானியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி உப்பு மாறும். தனியாகக் குடித்தால் ஒரு சிட்டிகை உப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும். நூடுல்ஸில் உப்பே இல்லை, அதோடு சேரும்போது சரியாகிவிடும். வியட்நாம் கடைகளில் அஜினோமோட்டோ போடுவது சகஜம். அரைத் தேக்கரண்டி போட்டால் குற்றமில்லை.

குக்கரில் செய்ய முடியாதா? முடியும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், முதல் விசிலோடு தீயை மிகவும் குறைத்து, அதற்குமேல் விசில் வராதபடி 75 நிமிடம். பிறகு ஆவி தானாக அடங்க வேண்டும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே சாறு ஆவேசமாகக் கொதித்துக் கலங்கிவிடும். மசாலாவை மூடி திறந்த பிறகு போட்டு அரை மணி சிறுதீயில் வையுங்கள்.

நூடுல்ஸும் கறியும்

தட்டையான அரிசி நூடுல்ஸ், ஆளுக்குக் காய்ந்தது 90 முதல் 100 கிராம். பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பரிமாறும் நேரத்தில் கொதிநீரில் 20 முதல் 30 விநாடி முக்கி எடுத்தால் போதும். வெந்நீரில் ஊறவைத்தால் வெளியே குழைந்து உள்ளே நரநரக்கும். இடியாப்பம் இதற்குச் சரிப்படாது, சூடான சாற்றில் கரைந்து கஞ்சியாகும்.

அண்டர்கட்டை ஃப்ரீசரில் 40 நிமிடம் வைத்தால் விறைத்துக்கொள்ளும். இழைக்குக் குறுக்காக, அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் கனத்தில் அரியுங்கள். தடித்தால் சாற்றின் சூடு உள்ளே போகாது.

கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். நூடுல்ஸ், அதன்மேல் மெல்லிய நெஞ்சுக்கறித் துண்டுகள், பச்சைக் கறியை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் பரப்பி, தண்ணீரில் அலசிய மெல்லிய வெங்காயம், வெங்காயத்தாள், கொத்தமல்லி. அடுப்பில் தளதளத்துக்கொண்டிருக்கும் சாற்றை, இறக்கி வைக்காமல் அங்கிருந்தே கரண்டியால் 450 மில்லி அள்ளி நேராகப் பச்சைக் கறியின்மேல் ஊற்றுங்கள். சிவப்பு மங்கி இளஞ்சிவப்பாக வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு அரைவேக்காடு வேண்டாம். அவர்கள் பங்கைக் கரண்டியில் வைத்துக் கொதிக்கும் சாற்றிலேயே முழுதாக வேகவைத்துவிடுங்கள்.

ஹொய்சின் சாஸைச் சாற்றில் பிழியாமல் சிறு கிண்ணத்தில் வைத்துக் கறியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர உழைப்பை ஒரு கரண்டி சாஸ் மூடிவிடும். எலுமிச்சையும் பாதி குடித்த பிறகு போதும்.

மீந்த சாற்றை இரவு முழுக்க அடுப்பின்மேல் விட்டால் புளிக்கும். பானையைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறக்கி வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு, சிறு டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் அல்வாபோல் உறைந்திருந்தால் எலும்பின் பங்கு சரியாக இருந்தது என்று பொருள். நீராகவே இருந்தால் அடுத்த முறை மூட்டைக் கூட்டி நல்லியைக் குறையுங்கள்.