வஞ்சிரம் கிலோ எவ்வளவு? இங்கிலீஷில் பேரம் பேசச் சொல்லுங்கள்

கடலூர் முதுநகரில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். நாடகம் போட்டால் பிள்ளைகளுக்குப் பேச வரும் என்று நம்பி, முதல் வருடம் ஆண்டு விழாவுக்கு நாலு பக்க வசனம் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தேன். மேடையில் ஒருவனுக்கு ஒரு வரி மறந்தது. அடுத்த வரிக்காரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற மூன்று பேரும் சிலை. இத்தனை நாளும் பிள்ளைகள் ஒப்பித்திருக்கிறார்களே தவிர, பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் வசனமே கிடையாது. இரண்டு துண்டுச் சீட்டுதான். மீன் விற்பவருக்கு: ‘வஞ்சிரம் கிலோ 800. 700க்குக் கீழே தரக் கூடாது. நேற்றுப் பிடித்த மீன், வெளியே சொல்லாதே.’ வாங்குபவருக்கு: ‘கையில் 650தான். வீட்டில் விருந்தாளி. மீன் இல்லாமல் திரும்ப முடியாது.’ சீட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷில் எழுதினால் பார்த்து வாசித்துவிடுவார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இருபது ஜோடியும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். ஒரு ஜோடியை மட்டும் முன்னால் நிறுத்தினால் கூச்சம் பிடுங்கித் தின்றுவிடும். வகுப்பு சந்தைக்கடையாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐந்து நிமிடம் போதும். நடுவில் திருத்தாதீர்கள். நோட்டில் குறித்துக்கொண்டு, முடிந்த பிறகு மூன்றே மூன்று தவறுகளைப் பேர் சொல்லாமல் போர்டில் எழுதுங்கள். உடனே விலையையும் ஜோடியையும் மாற்றி மறுபடி ஓர் ஆட்டம். நேரமில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் தடுமாறியவர்கள் சரளமாக வருவது இதில்தான்.

துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வாங்க வந்தவள் “திஸ் ஃபிஷ் ஓல்டு” என்றதும், பென்சில் பாக்ஸை மீனாகத் தூக்கி, மூடியைத் திறந்து காட்டி, “சீ! ரெட்! ஓல்டு ஃபிஷ் நாட் ரெட்!” என்றாள். சட்டென்று என் பக்கம் திரும்பி, “மிஸ், செவுளுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“கில்.”

அந்த பீரியட் முடிவதற்குள் ஏழெட்டு கில் சொல்லியிருப்பாள். இலக்கணம் நொண்டியதுதான், ஆனால் முக்கால் கிலோ விற்றுவிட்டாள்.

இன்னும் பேசத் தயங்குகிறவர்களுக்குக் கட்டியக்காரன் வேடம் கொடுங்கள். தெருக்கூத்து பார்த்த பிள்ளைகளுக்கு அவனை விளக்க வேண்டியதில்லை. ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவன். இங்கே அவன் எந்த ஜோடிக்கு நடுவிலும் புகுந்து, “என்னம்மா சொல்றார் இவர்?” என்று தமிழில் கேட்கலாம். அவர்கள் சொன்னதையே வேறு இங்கிலீஷ் வார்த்தைகளில் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று வாரம் போனதும் அவன் கேள்வியும் “வாட் டிட் ஹீ சே?” என்று மாறட்டும்.

அடுத்தது ஃபோன் காட்சி. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவருக்குக் கடற்கரைக் காந்தி சிலைக்கு வழி சொல்ல வேண்டும். கை காட்டித் தப்பிக்க முடியாது.

வாரம் ஒரு பீரியட் போதும். சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் விலையை மட்டும் அடித்து எழுதிக்கொள்ளலாம், வஞ்சிரம் எப்படியும் ஏறியிருக்கும்.