வீட்ல கட்டுன பிளேன் கேபிளுக்கு எண்ணெய் விடப் போறீங்களா, கொஞ்சம் பொறுங்க

மேலூர் பக்கம் செட்டு போட்டு பிளேன் கட்டுறவங்களுக்குச் சொல்றேன், நம்ம ஊர் கிரானைட் தூசிக்கு ஓட்டுறவர் பிடிக்கிற ஸ்டிக்கையும் மிதிக்கிற பெடலையும் றெக்கை, வாலோட இணைக்கிற கண்ட்ரோல் கேபிள்ல எண்ணெய சொதசொதன்னு விட்டீங்கன்னா ரெண்டும் கலந்து புல்லியையும் கம்பியையும் சேத்து அரைச்சுத் தின்னுரும். மொதல்ல ஒரு காட்டன் துணியால கேபிளச் சுத்திப் பிடிச்சு நீளத்துக்கும் இழுங்க, வெறுங்கை வேணாம், அத்துப்போன இழை ஊசி மாதிரி ஏறிரும். துணி எங்க மாட்டுதோ அங்க நின்னு நல்லா பாருங்க. புல்லி, ஃபேர்லீட் (கேபிள வழி மாறாம பிடிச்சு ஓட விடுற துண்டு) மேல ஓடுற இடத்துலதான் பெரும்பாலும் அத்துப்போகும், அதனால ஸ்டிக்கையும் பெடலையும் கடைசிவரை தள்ளி, ஒளிஞ்சு கிடக்குற பகுதிய வெளிய கொண்டாந்து பாக்கணும்.

பெட்ரோல், தின்னர்ல முக்கிக் கழுவுற வேலையே வேணாம்ணே, முறுக்குக்குள்ள கம்பெனிலயே வச்ச மசகு போயிரும், அப்புறம் உள்ளுக்குள்ள துரு பிடிக்கிறது கண்ணுக்கே தெரியாது. கால்வனைஸ்டு கேபிள்னா துருத்தடுப்பு எண்ணெய துணில தொட்டு மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். டெஃப்ளான் லைனர் போட்ட உறைக்குள்ள ஓடுறதுக்கு பிளேன் கிட்டோட வந்த மேனுவல் சொல்லாம எதுவும் விடாதீங்க.

கேபிள இறுக்கித் தளத்துற டர்ன்பக்கிள தொட்டீங்கன்னா டென்ஷன் மீட்டர் வச்சு இறுக்கத்தப் பாத்து, ரெண்டு பக்கமும் மூணு மரைக்கு மேல வெளிய தெரியலையேன்னு எண்ணி, அது தானா சுத்திக் கழலாம இருக்க புது சேஃப்டி வயர் போட்டு, ஸ்டிக்க எடது பக்கம் சாய்ச்சா எடது அய்லரான் (றெக்கையோட பின்ஓரத்துல ஆடுற மடல்) மேல வருதான்னு இன்னொரு ஆள றெக்கைக்கிட்ட நிப்பாட்டிப் பாருங்க.